செங்கல்லுக்கு நடுவே நின்றவர்

போன மாதம் ஒரு சாயங்காலம். நடை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் இருந்த காலி இடத்தில் பையன்கள் புட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்து கோலுக்கு இரண்டு ஜோடி செருப்பு. இன்னொரு பக்கம் இரண்டு செங்கல். செங்கல்லுக்கு நடுவே நின்றவன் கூட்டத்திலேயே சின்னவன். ஓடத் தெரியாதவனை, இல்லை, பந்து வாங்கிக் கொடுக்காதவனைக் கோலில் நிறுத்துவது எங்கள் காலத்திலும் இருந்த வழக்கம்தான். மணிமுக்தா ஆற்று மணலில் நாங்கள் ஆடியபோது பாதி நாள் அப்படி நின்றவன் நான்.

பாவமாக இருந்தது. பேச்சுக் கொடுத்தேன். "இந்தியாவுக்கு கோல்கீப்பர் யாருடா?"

"குர்பிரீத் சிங் தாத்தா" என்றான் டக்கென்று. பரவாயில்லையே என்று நினைத்தேன். "அவருக்கு முன்னாடி?" சுப்ரதா பால் என்றான் இன்னொருவன்.

"பீட்டர் தங்கராஜ் தெரியுமா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவரு யாரு தாத்தா, நம்ம ஊரா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. "ஆமாம்" என்றாலும் தப்பு, "இல்லை" என்றாலும் தப்பு. வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

தங்கராஜ் பிறந்தது 1935 டிசம்பர் 24, ஹைதராபாத்தில். அப்போது அது நிஜாம் சீமை. செகந்திராபாத் கண்டோன்மெண்டில் நம் ஆட்கள் நிறைய. வெள்ளைக்காரன் பட்டாளத்தோடும் ரயிலோடும் போய் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்து அந்தப் பிள்ளைகளுக்குப் புட்பால் ஒட்டிக்கொண்டது. இந்தியாவின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவரான துளசிதாஸ் பலராமும் அந்தப் பக்கத்தில் வளர்ந்த தமிழ் வீட்டுப் பிள்ளைதான். தங்கராஜ் அங்கே மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் என்ற கிளப்புகளில் ஆடிவிட்டு, 1953இல் ராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்த இடம் மெட்ராஸ் ரெஜிமென்ட். அதன் தலைமையிடம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டன்.

எனக்கு இந்தப் பெயரே வெலிங்டன் வழியாகத்தான் வந்தது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் 'சுபேதார்'. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும். அவர் 1967இல் வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போனபோது தங்கராஜ் அங்கிருந்து கிளம்பிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பெயர் மைதானத்தை விட்டுப் போகவில்லையாம். "எவனாவது பந்துக்குக் கொஞ்சம் எகிறினா போதும் சார், அவில்தார் பின்னாடியிருந்து கத்துவாரு, 'என்னடா, பெரிய தங்கராஜோ' ன்னு. பாராட்டுறாரா திட்டுறாரான்னு தெரியாது. நாங்க அந்த ஆள பாத்ததே இல்ல" என்பார் சுபேதார். இதைக் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பார். நானும் இருபது தடவை "ம்" கொட்டியிருக்கிறேன். கேட்ட காதில் தங்கியது பெயர் மட்டும்.

சில வருஷம் முன்னால் ஜகார்த்தாவில் ஜெயித்த அந்தப் பழைய அணியைப் பற்றியும், அதன் பயிற்சியாளர் ரஹீம் பற்றியும் 'மைதான்' என்று ஓர் இந்திப் படம் வந்தது. சுபேதாரின் பேரன் போனில் போட்டுக் காட்டினான். அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஓர் ஆச்சரியம். பட்டாளத்தில் சேர்ந்தபோது தங்கராஜ் கோல்கீப்பரே இல்லை. சென்டர் பார்வர்டு. அதாவது கோல் போடுகிற ஆள். ஆறடியைத் தாண்டிய உயரம், நீண்ட கை. அந்த உடம்பை முன்னால் ஓட விடாமல் பின்னால் நிறுத்தினார்கள். கோல் கம்பம் எட்டடி உயரம், இருபத்துநான்கு அடி அகலம். உலகம் முழுக்க அன்றும் இன்றும் அதே அளவு. அதை அடைக்கிற உடம்பு வாய்த்தவர்கள் அந்த நாளில் நம் நாட்டில் குறைவு. போட்டுப் பழகியவனுக்கு, எதிரி எங்கே போடுவான் என்று தெரியும் அல்லவா? முன்னாளைய சென்டர் பார்வர்டு நல்ல கோல்கீப்பர் ஆனதில் அதற்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வெலிங்டன் அணி 1955இல் டெல்லிக்குப் போய் டூரண்ட் கோப்பையை வென்றது. 1958இல் மறுபடியும் வென்றது. டூரண்ட் கோப்பை 1888இல் சிம்லாவில் தொடங்கியது. ஆசியாவிலேயே பழைய கால்பந்துப் போட்டி. அதை நீலகிரி மலையில் பயிற்சி எடுத்த ஓர் அணி நான்கு வருஷத்தில் இரண்டு தடவை தூக்கிவந்தது. ஆனாலும் நம் பாடப் புத்தகம் எதிலும் நான் இதைப் படித்ததில்லை.

அதே 1955இல் தங்கராஜ் இந்திய அணிக்குள் வந்தார். இந்திய அணி அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்ற கணக்கில் தோற்று, நல்ல பெயரோடு திரும்பினார்கள். 1952 ஹெல்சிங்கியில் நல்ல பெயரும் மிஞ்சவில்லை. யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. கோலில் நிற்பவன் பத்துத் தடவை குனிந்து வலைக்குள்ளிருந்து பந்தைப் பொறுக்கியிருக்கிறான்! பனிக்குளிரில் வெறுங்கால் உதவாது என்று அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. அந்தத் தோல்விக்கும் 1962 தங்கத்துக்கும் நடுவே பத்தே வருஷம்.

1956. மெல்போர்ன் ஒலிம்பிக். அணியில் இரண்டு கோல்கீப்பர்கள்: தங்கராஜ், பம்பாய் எஸ்.எஸ். நாராயண். டிசம்பர் 1ஆம் தேதி இந்தியா ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்தது. நெவில் டிசௌசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நம்முடையது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4-1, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. நான்காம் இடம். இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதைத் தாண்டவில்லை.

நமக்கு ஏன் இதெல்லாம் தெரியாமல் போனது என்று யோசித்தபோது தேதிகள் கண்ணில் பட்டன. மெல்போர்ன் ஒலிம்பிக் தொடங்கியது 1956 நவம்பர் 22. அன்று ராத்திரி எழும்பூரிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் நம் விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டிப் போய், மறுநாள் விடியற்காலை அரியலூருக்கு அப்பால் மருதையாற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேல் சாவு. எனக்கு அப்போது ஏழு வயசு. எங்கள் தெருவில் பாதிப் பேர் ரயில்வே. அன்றைக்குப் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. அம்மா எங்களை வாசலுக்கே விடவில்லை. மழையும் நிற்கவில்லை. இந்த வயசு வாசகர்கள் யாருக்கும் நான் விவரிக்க வேண்டியதில்லை. லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டதுவரை எல்லாருக்கும் தெரியும். அடுத்த வாரம் மெல்போர்னில் யார் யாரை ஜெயித்தார்கள் என்று நம் ஊரில் யார் பார்த்திருப்பார்கள்? பேப்பர் வந்தால் பெரியவர்கள் முதலில் பார்த்தது செத்தவர்களின் பெயர்ப் பட்டியலை.

பிறகு 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு. இந்தியாவுக்கு நான்காம் இடம். ஆனால் அந்த ஆண்டு ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தங்கராஜைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆசிய ஆல்-ஸ்டார் அணியிலும் இரண்டு முறை இடம் பெற்றார். 1959இல் மலாயாவில் மெர்டேக்கா போட்டியில் இந்தியா இரண்டாம் இடம்.

1960 ரோம் ஒலிம்பிக். நம் பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. அந்தக் காலத்து ஹங்கேரி என்றால் சும்மா இல்லை. ஐரோப்பாவையே ஆட்டிவைத்த பரம்பரை. புளோரியன் ஆல்பர்ட் என்ற இளைஞன் அந்த அணியில். பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கினவன். அவர்களிடம் இந்தியா 2-1 என்றுதான் தோற்றது. பிரான்ஸோடு 1-1 என்று சமன். கடைசியில் பெருவிடம் 3-1. ஒரு வெற்றியும் இல்லை, கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் கடைசி இடம். ஆனால் ஹெல்சிங்கியில் பத்து வாங்கியவர்கள் எட்டு வருஷம் கழித்து ஹங்கேரியிடம் இரண்டோடு நிறுத்தினார்கள் என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தில் எட்டடிக் கம்பத்துக்குக் கீழே நின்றவருக்குப் பங்கு இல்லையா?

இங்கே நான் வேலை பார்த்த தொழிலை ஒரு நிமிஷம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பீங்கான் பேட்டையில் பொம்மை செய்கிற யூனிட்டுக்குக் கொலு நேரத்தில் பேர் கிடைக்கும். மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்கிற யூனிட்டை எவனும் கேட்டதில்லை. அது ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. நடக்காததை யார் வந்து பாராட்டுவார்? விரிசல் விட்டு ஒரு நாள் கரண்ட் கசிந்தால்தான் "எந்த யூனிட்டுடா இது?" என்று தேடி வருவார்கள். கோல்கீப்பர் கதையும் அதுதான். போட்டவன் பெயர் நிமிஷத்தோடு பதிவாகிறது. தடுத்தவன் பெயருக்கு எதிரே எண்ணே கிடையாது.

அந்த நாளைய கோல்கீப்பர் வேலையும் இன்றைக்குப் போல இல்லை. இப்போது கையுறை இல்லாமல் எவனும் இறங்குவதில்லை. அப்போது பெரும்பாலும் வெறுங்கை. பந்து தோல் பந்து, வாயைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும், மழையில் நனைந்தால் கனம் ஏறிக் கல்லாகிவிடும். பந்தைப் பிடித்து நிற்கிற கோல்கீப்பரை எதிராளி தோளால் இடிப்பதற்கு விதியிலேயே இடம் இருந்தது. பந்தோடு சேர்த்து ஆளையும் வலைக்குள் தள்ளப் பார்ப்பார்கள். உயரமும் உடம்பும் இல்லாதவன் பிழைக்க முடியாது.

இனி ஜகார்த்தா. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

1962 ஆசிய விளையாட்டுக்கு இந்தோனேசிய அரசு இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா தரவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லலாமா என்று நம் நாட்டைச் சேர்ந்த ஜி.டி. சோந்தி கேள்வி எழுப்பினார். ஆசிய விளையாட்டை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அடி வாங்கியது மைதானத்தில் இருந்த பையன்கள். ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது. இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள், செப்டம்பர் 3, இந்தியத் தூதரகத்தையே கூட்டம் தாக்கியது. மறுநாள் செனயான் மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். நம் தேசிய கீதம் ஒலித்தபோது கூச்சல். இந்தியக் காலில் பந்து பட்டால் கூச்சல். அந்த லட்சம் பேர் நடுவே இந்தியாவுக்காகக் கை தட்டிய ஒரு சின்னக் கூட்டம் எது தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணி! ஹாக்கி இறுதியில் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள், கால்பந்துக்கு வந்து நம் பக்கம் கத்தினார்கள். இதைப் படித்தபோது சுபேதாரிடம் சொன்னேன். எல்லையில் நின்ற மனிதர். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருக்கும் சார். வெளியூர்ல பாத்தா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர். அவர் உடம்புக்குள் புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் போய்விட்டார். கேப்டன் சுனி கோஸ்வாமி. தொடக்க ஆட்டத்தில் இதே தென் கொரியாவிடம் இந்தியா 2-0 என்று தோற்றிருந்தது. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்று இறுதிக்கு வந்தார்கள். தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் மண்டை உடைந்து தையல் போட்டுக்கொண்டார். தடுப்பில் இறக்கினால் தலையால் முட்ட வேண்டியிருக்கும் என்றோ என்னவோ, ரஹீம் அவரைத் தூக்கி முன்னால் சென்டர் பார்வர்டாகப் போட்டார். அரையிறுதியிலும் கோல், இறுதியிலும் கோல். அந்தக் கட்டுப் போட்ட தலையைப் பற்றி வங்காளத்திலும் பஞ்சாபிலும் இன்றும் பேசுகிறார்கள்.

பின்பக்கம் செய்த மாற்றத்தைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தார். அரையிறுதியில் கோலில் நின்றவர் வங்காளத்துப் பிரத்யுத் பர்மன். நல்ல கோல்கீப்பர், ஜெயித்தும் கொடுத்திருக்கிறார். ஜெயித்த ஆளை இறுதி ஆட்டத்துக்கு மாற்றுவது எந்தப் பயிற்சியாளருக்கும் லேசில்லை. ரஹீம் மாற்றினார். கொரியாக்காரர்கள் பந்தை உயரத்தில் தூக்கிப் போட்டு அடிப்பவர்கள். அதற்கு உயரமான ஆள் வேண்டும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரை, ஒரு லட்சம் பேர் வசை பாடுகிற மைதானத்தில், வாழ்க்கையின் பெரிய ஆட்டத்துக்கு நிறுத்தினார். நான் இந்த இடத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். மறுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தோற்றிருந்தால் முழுப் பழியும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். பர்மன் தலையில் ஒரு துளியும் விழுந்திருக்காது.

17ஆம் நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆம் நிமிஷம் ஜர்னைல் சிங் ஒரு கோல். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் இருக்கிறது. புத்தகங்களில் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரிதான். 85ஆம் நிமிஷம் கொரியா ஒரு கோல் போட்டது. 2-1. மீதம் ஐந்து நிமிஷம். இன்னொன்று விழவில்லை. இந்தியாவுக்குத் தங்கம். தேதி 1962 செப்டம்பர் 4. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1951 டெல்லிக்குப் பிறகு வந்த இரண்டாவது தங்கம். அதற்குப் பிறகு இந்த அறுபது வருஷமாக இன்னொன்று வரவில்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயசு. விவரம் தெரிந்த வயசு. ஆனால் அந்தச் செய்தி கேட்டதாகவே நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் 1962 என்றால் எனக்கு வருவது அக்டோபர் 20, சீனப் போர். டீக்கடை ரேடியோவைச் சுற்றி நிற்கும் கூட்டம். பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு நிதிக்கு உண்டியல். அம்மா தன் ஒற்றை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். ஜகார்த்தாவிலிருந்து தங்கம் வந்தது எங்கள் வீட்டுக்குத் தெரியவில்லை, வீட்டிலிருந்து தங்கம் போனதுதான் தெரியும். தங்கராஜுக்கு இரண்டு பெரிய நாள்கள். ஒன்றை அரியலூர் மூடியது, இன்னொன்றை சீனாக்காரன் மூடினான். நம் ஜனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அர்ஜுனா விருதுப் பட்டியலைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. விருது தொடங்கிய 1961இலிருந்து கால்பந்துக்கு வருஷத்துக்கு ஒருவர்: பி.கே. பானர்ஜி, பலராம், சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங், அருண் கோஷ், யூசுப் கான். ஏழாவதாக 1967இல் பீட்டர் தங்கராஜ். ஏழு பேரும் ஜகார்த்தா அணி! போட்டவர்களுக்கு முதலில், நடுவில் நின்றவர்களுக்கு அப்புறம், கடைசியாகக் கோல்கீப்பருக்கு. அந்த விருதை வாங்கிய முதல் கோல்கீப்பர் அவர்தான்.

ராணுவத்தை விட்ட பிறகு அவர் வாழ்க்கை கல்கத்தாவில். அதற்கு முன் 1960இல் அவர் தலைமையில் சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் அவர் ஆடினார்: முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். கல்கத்தா தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். அங்கே கிளப் என்பது ஜாதி மாதிரி. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவன் ஈஸ்ட் பெங்கால், ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன். மேற்கத்தியான் மோகன் பகான், ஜெயித்தால் இறால். முஸ்லிம்களுக்கு முகமதன். இதில் எதிலும் சேராத ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் மூன்று வீட்டு வாசலிலும் காவல் நின்றிருக்கிறார். ஒரு கிளப்பை விட்டு மறு கிளப்புக்குப் போன பார்வர்டை அங்கே கல்லால் அடித்தாலும் அடிப்பார்கள். கோல்கீப்பரை எல்லாருக்கும் தேவைப்பட்டது.

1964இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம். தென் கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என்று வென்று, இஸ்ரேலிடம் மட்டும் 2-0 என்று தோற்றார்கள். ஆசியக் கோப்பையில் நமக்கு அதுதான் உச்சம். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் முதல் சுற்றோடு திரும்பினார்கள். தங்கராஜின் கடைசி ஆசிய விளையாட்டு அது. ஆக இரண்டு ஒலிம்பிக், மூன்று ஆசிய விளையாட்டு. வெறுங்கால் ஆட்டத்தின் வாலில் உள்ளே வந்தவர், இந்தியக் கால்பந்து சரியத் தொடங்கியபோது வெளியே போனார். எழுபதுகளின் தொடக்கம்வரை கிளப் ஆட்டம் ஆடினார். பிறகு அலிகார் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர். கடைசியில், பொக்காரோ உருக்காலை நகரத்தில் சிறு பையன்களுக்கான கால்பந்துப் பயிற்சிக் கழகம். அங்கேயே 2008 நவம்பர் 24ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். இன்னும் சரியாக ஒரு மாதம் இருந்திருந்தால் எழுபத்துமூன்று.

பொக்காரோ என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் அக்கா மகன் அந்த உருக்காலையில்தான் வேலை பார்த்தான். 2005இல் நானும் என் மனைவியும் அங்கே போய் ஒன்பது நாள் இருந்தோம். ஐயப்பன் கோவிலுக்குப் போனோம். ஜெகந்நாதர் கோவிலுக்குப் போனோம். தமிழ் பேசுகிற குடும்பங்கள் வீட்டுக்கு வந்து, ஊரில் மழை உண்டா, முறுக்கு கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்கள். உருக்காலையில் சூளைக்கு வைக்கிற நெருப்புச் செங்கல்லைப் பார்க்க வேண்டும் என்று அக்கா மகனை நச்சரித்து ஒரு நாள் முழுக்க அதிலேயே போக்கினேன். தொழில் புத்தி. காலையில் நடக்கப் போகும்போது ஒரு மைதானத்தில் பையன்கள் வரிசையாக நின்று பந்து உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. சீருடை போட்டிருந்தார்கள். நின்று பார்க்கவில்லை. குளிராக இருந்தது, காபி ஆறிவிடும் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

போன வாரம் அக்கா மகனிடம் போனில் கேட்டேன். "தங்கராஜ் சாரா? தெரியுமே மாமா, இங்கதானே இருந்தாரு. நீங்க கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றான் சாதாரணமாக.

இதைச் சுபேதாரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். நேற்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார்.

"2005லியா?"

"ஆமா."

"ஒம்போது நாளு இருந்தீங்க."

"ஆமா சுபேதார்."

"நான் அந்தப் பேர எத்தன வாட்டி சார் உங்ககிட்ட சொன்னேன்?" என்றார். அப்புறம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று சாயங்காலம் அந்தப் பையன்களிடம் போக வேண்டும். "நம்ம ஊரா" என்று கேட்டவனுக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. சுபேதாரும் வருகிறேன் என்றிருக்கிறார்.